கிணற்று நீரின் குணம் அறிந்து பாசனம்

ராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் உள்ள பல கிணறுகளில் தண்ணீர் இனிப்பாக இருக்கும். அங்கிருந்து கிழக்கே சில மைல் தூரம் கரிசல் காட்டுக்குள் போனால், வாயில் வைத்ததும் முகம் சுளிக்கும்படியான தண்ணீர் பல கிணறுகளில் கிடைக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒரே மழைதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை அய்யனார் கோவில் ஆற்றிலும் முடங்கியாற்றிலும், வடக்கே பிளவக்கல் அணைகளுக்கு வரும் ஓடைகளிலும் இறங்கி, கண்மாய்களை நிரப்பி, பூமிக்குள் ஊறி, வைப்பாற்றுப் படுகையில் கிழக்கு நோக்கி நகருகிறது. போகிற வழியில் அது எதைக் கரைத்து எடுத்துக் கொள்கிறதோ, அதுதான் கிணற்று நீரின் குணம்.

உரக்கடையில் ஒரு மூட்டை வாங்கும்போது அதில் என்ன சத்து, எவ்வளவு என்று சாக்கின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கும் விவசாயிகள், ஆண்டு முழுவதும் வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. விதையும் உரமும் மருந்தும் மாற்றி மாற்றிப் பார்த்தும் மகசூல் ஏறாத பல நிலங்களில் கோளாறு கிணற்றில் இருக்கிறது.

எதையும் கரைக்கும் குணம்

தண்ணீரின் மிகச் சிறிய துகளில் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் இருக்கின்றன. இந்தத் துகளின் ஒரு பக்கம் இலேசான எதிர் மின்னூட்டமும் மறுபக்கம் இலேசான நேர் மின்னூட்டமும் கொண்டது. காந்தத்தின் இரு முனைகளைப் போல என்று வைத்துக் கொள்ளலாம். உப்பும் நேர், எதிர் மின்னூட்டத் துகள்கள் சேர்ந்ததுதான். ஆகவே தண்ணீர் அதைச் சூழ்ந்து இழுத்துப் பிரித்துத் தன்னுள் கரைத்துக் கொள்கிறது. யூரியாவும் பொட்டாஷும் கரைந்து வேருக்குப் போவது இந்தக் குணத்தால்தான். சாம்பாரில் உப்பு கரைவதும், ரத்தத்தில் சத்துகள் ஓடுவதும், கிணற்றில் உவர் ஏறுவதும் அதே குணத்தால்தான்.

இதே துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக் கொள்வதால் வேறு பல வசதிகளும் உயிர்களுக்குக் கிடைத்திருக்கின்றன. அறுபது அடி உயரத் தென்னையின் உச்சிக்குத் தண்ணீர் ஏறுவதற்கு எந்த மோட்டாரும் இல்லை. ஓலையில் ஒரு துளி ஆவியாகும்போது, சங்கிலியை இழுப்பது போல அடுத்த துளி மேலே வருகிறது. அறுபது அடிச் சங்கிலியும் அறுந்து போகாமல் நிற்கிறது. ஒரு கிராம் தண்ணீர் இலையிலிருந்து ஆவியாக 580 கலோரி அளவுக்கு வெப்பம் செலவாகிறது. சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், பருத்தி இலை கருகாமல் நிற்பதும் ஒரே கணக்குத்தான்.

பயிர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் இப்படி ஆவியாகப் போய்விடுகிறது. போவது வெறும் தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பில் பெரும் பகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. விவசாயி கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஏக்கருக்கு இருபத்தாறு மூட்டை

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அதன் மின் கடத்தும் திறனைக் கொண்டு அளக்கிறார்கள். உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும். முன்பு இதை மில்லிமோ என்ற அளவில் சொன்னார்கள். இப்போது பரிசோதனைச் சீட்டுகளில் டெசிசைமன் என்று வருகிறது. பெயர்தான் வேறு, எண் ஒன்றே. மின் கடத்தும் திறன் 1 என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு இருக்கிறது என்று பொருள்.

ஒரு லிட்டரில் அரை கிராமுக்குச் சற்று அதிகம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் தண்ணீர் பாய்ச்சினால் அது இரண்டு லட்சத்து ஐயாயிரம் லிட்டர். அதோடு சேர்ந்து வயலுக்குள் வருவது 131 கிலோ உப்பு. ஒரு போகத்தில் பத்துத் தடவை பாய்ச்சினால் 1,300 கிலோவுக்கு மேல். ஐம்பது கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் இருபத்தாறு மூட்டை. மின் கடத்தும் திறன் 2 உள்ள கிணறாக இருந்தால் ஐம்பத்திரண்டு மூட்டை. எந்த விவசாயியும் தெரிந்தே தன் நிலத்தில் ஐம்பத்திரண்டு மூட்டை உப்பைக் கொட்ட மாட்டார்.

மழை நன்றாகப் பெய்து, மண்ணில் வடிகாலும் இருந்தால் இந்த உப்பில் பெரும்பகுதி கீழே கழுவிப் போய்விடும். செம்மண்ணில் இது எளிது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் கழுவிப் போகாமல் உப்பு சேருகிறது. தண்ணீர் இறங்காத கரிசலில் இன்னும் வேகமாகச் சேருகிறது.

சேர்ந்த உப்பு பயிரை என்ன செய்கிறது என்பதை ராஜபாளையத்து வீடுகளில் மாங்காய் ஊறுகாய் போடுகிறவர்களிடம் கேட்டால் தெரியும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு ஜாடியில் வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீர் மாங்காய்க்குள் இருந்தது. உப்பு அதிகமுள்ள பக்கம் நோக்கித் தண்ணீர் நகரும் என்பது இயற்கை. உவர் ஏறிய மண்ணில் வேரும் ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் மாங்காய்த் துண்டு மாதிரிதான். வயலில் ஈரம் இருந்தும் பயிர் உச்சி வேளையில் வாடி நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி அதே கிணற்று நீரை மேலும் பாய்ச்சினால், உப்பு இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்தச் சங்கடம் புதிதல்ல. டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளுக்கு இடையே நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கோதுமை விளைந்த வயல்களில் உப்பு ஏறி, உவரைத் தாங்கும் பார்லிக்கு மாற நேர்ந்தது. நம் நாட்டில் இதற்கென்றே 1969-ல் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டு ஹரியானாவில் கர்னாலில் இயங்கி வருகிறது.

நுரைக்கும் தண்ணீரும் ஏமாற்றும்

தண்ணீர் நல்லதா என்று பார்க்க வீட்டில் இரண்டு சோதனைகள் உண்டு. பருப்பு வேகிறதா என்பது ஒன்று, சோப்பு நுரைக்கிறதா என்பது மற்றொன்று. பருப்பு வேகாமல், சோப்பு திரிந்து, பானையில் வெள்ளைப் படிவு கட்டினால் அது கடின நீர். சுண்ணாம்பும் மக்னீசியமும் அதில் அதிகம். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக் கொண்டு இலேசான அமிலமாகத்தான் தரையில் விழுகிறது. அது சுண்ணாம்புக் கல்லில் ஊறினால் கல்லையே சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். ராஜபாளையத்திற்குக் கிழக்கே ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை அமைந்ததே பக்கத்தில் சுண்ணாம்புக் கல் கிடைப்பதால்தான். அப்படிப்பட்ட பூமியில் கிணற்று நீர் கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

கடின நீர் சமையலுக்கும் துணிக்கும் தொல்லை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுப்பது போன்ற தொழிலுக்கும் அது ஒத்து வராது. ஆனால் மண்ணுக்கு அது அவ்வளவு பகையல்ல. சுண்ணாம்புச் சத்து மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும்.

ஏமாற்றுவது மற்றொரு வகை. மலையடிவாரத்துப் பாறைகள் சிதையும்போது சோடியமும் பைகார்பனேட்டும் கரைந்து வருகின்றன. வெகுகாலம் பாறை இடுக்கில் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் இவை கூடுதலாக இருப்பதுண்டு. இந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். நாக்கில் உப்பும் அவ்வளவாகத் தெரியாது. நல்ல தண்ணீர் கிடைத்துவிட்டது என்று விவசாயி மகிழ்ந்து பாய்ச்சுவார். முதல் ஆண்டு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மண் மாறத் தொடங்கும். பாய்ச்சிய தண்ணீர் இறங்காமல் கலங்கலாகத் தேங்கும். காய்ந்ததும் மண் ஓடு போல இறுகிப் பிளக்கும். உழும்போது பெரிய கட்டிகளாகப் பெயரும். சில இடங்களில் மேலே எண்ணெய்ப் பிசுக்குப் போலக் கறுப்புப் படலம் தெரியும். முளைத்த பருத்தி நாற்று ஓட்டைப் பிளந்து வெளியே வர முடியாமல் உள்ளேயே மடியும்.

காரணம் இது: தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டு, மண்ணிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக் கரையாத சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடுகிறது. காலியான இடத்தில் சோடியம் வந்து களிமண் துகள்களில் ஒட்டிக் கொள்கிறது. சுண்ணாம்புச் சத்து களித்துகள்களைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வைத்திருந்தது. சோடியத்துக்கு அந்தப் பிடி கிடையாது. துகள்கள் பிரிந்து குழம்பாகி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. உவர் நிலத்தில் மேலே வெள்ளை பூத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இது களர் நிலம். முற்றிய பிறகுதான் தெரியும். உவர் நிலத்தை நல்ல தண்ணீர் விட்டு அலசித் திருத்தலாம். களர் நிலத்தை வெறும் தண்ணீரால் அலசினால் இன்னும் இறுகும். இந்த வேறுபாடு தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் அநேகம்.

சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதும் உண்டு. எனவே அத்தகைய கிணற்றைக் குடிநீருக்கு எடுப்பதற்கு முன் அதையும் பரிசோதித்துக் கொள்வது நலம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது.

பரிசோதனைச் சீட்டைப் படிப்பது

தண்ணீர்ப் பரிசோதனை முடிவில் மூன்று எண்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

மின் கடத்தும் திறன் 0.75-க்குக் கீழே இருந்தால் அநேகமாக எல்லாப் பயிருக்கும் ஆகும். 0.75 முதல் 2.25 வரை, வடிகால் உள்ள நிலத்தில் பயிரைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் உவரைத் தாங்கும் பயிர்தான் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1954-ல் வகுத்த இந்தப் பிரிவுகளை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள்.

அடுத்தது பி.எச். எண். இது 6.5-லிருந்து 8.4-க்குள் இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் சோடியம் மிகுந்த நீரோ என்று சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சிய சோடியம் கார்பனேட். நுரைத்து ஏமாற்றும் தண்ணீரைக் காட்டிக் கொடுப்பது இந்த எண்தான். லிட்டருக்கு 1.25 மில்லி சமானத்திற்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1.25 முதல் 2.5 வரை எச்சரிக்கை தேவை. 2.5-க்கு மேல் திருத்தாமல் பாய்ச்சக் கூடாது. மின் கடத்தும் திறன் மட்டும் பார்த்து "தண்ணீர் தேவலை" என்று திரும்பி வந்துவிடக் கூடாது.

பயிர்களின் தாங்கும் சக்தி ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகிறது. நல்ல வடிகால் உள்ள மண்ணில், பாசன நீரின் மின் கடத்தும் திறன் 5 வரை பருத்தியும் 4.5 வரை சோளமும் மகசூல் குறையாமல் தாங்கும். நெல்லும் நிலக்கடலையும் 2 வரைதான். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் 1-க்குச் சற்று மேலேயே மகசூல் இறங்கத் தொடங்கும். மிளகாய் 1-லும் வெங்காயம் 0.8-லுமே பாதிக்கப்படும். தண்ணீர் இறங்காத கரிசலில் இந்த அளவுகளைப் பாதியாகக் குறைத்துக் கொள்வது பாதுகாப்பு. தென்னை உவரை ஓரளவு பொறுக்கும். மா பொறுக்காது. மா இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்தது போலக் காய்ந்து வந்தால் நோய் மருந்து அடிப்பதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். ரகங்கள் அங்கு உருவானவைதான். வட்டாரத்துக்கு ஏற்ற ரகத்தை அங்கே கேட்டறியலாம். நெல்லில் களர், உவர் தாங்கும் டி.ஆர்.ஒய். ரகங்கள் திருச்சி வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்திருக்கின்றன.

இருக்கிற தண்ணீரை வைத்துச் சமாளிப்பது

தண்ணீர் சரியில்லை என்று தெரிந்தாலும் கிணற்றை மூடிவிட முடியாது. ஆனால் பாய்ச்சும் முறையை மாற்றிக் கொள்ளலாம்.

எந்தப் பயிரும் முளைக்கும் பருவத்தில்தான் உப்பிற்கு மிகவும் அஞ்சும். பருத்தியே ஆனாலும் நாற்றுப் பருவத்தில் அது பலவீனம்தான். ஆகவே கண்மாய்த் தண்ணீர் கிடைக்கும் நாளில் விதைத்து, முதல் இரண்டு தண்ணீரை அதிலிருந்து கொடுத்து, பயிர் வளர்ந்த பிறகு கிணற்று நீருக்கு மாறுவது சிறந்த உபாயம். இரண்டையும் வாய்க்காலில் கலந்தும் பாய்ச்சலாம். கிணற்று நீர் 3, கண்மாய் நீர் 0.5 என்றால், சரிபாதி கலந்தால் 1.75 ஆகிவிடும். இந்த ஒரு காரணத்திற்காகவே கண்மாயைத் தூர் வாரி வைப்பது கிணற்றுக்குச் செய்யும் வைத்தியமும் ஆகிறது. கண்மாய் நிறைந்தால் ஆயக்கட்டுக் கிணறுகளில் நல்ல நீர் ஊறி உப்பின் வீரியம் குறையும்.

பாரில் விதைக்கும்போது பாரின் உச்சியில் ஊன்றக் கூடாது. சாலில் விட்ட தண்ணீர் மேல்நோக்கி ஊறி உச்சியில் ஆவியாவதால் உப்பு அங்கேதான் வந்து கூடும். பாரின் சரிவில், பாதி உயரத்தில் ஊன்றுவது நல்லது. தென்னைக்கு மட்டைகளையும் உரிமட்டைகளையும் பாத்தியில் மூடாக்காகப் போட்டால் ஆவியாவது குறையும். ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே ஏறுவதும் குறையும்.

களர் தன்மை உண்டாக்கும் தண்ணீருக்கு மருந்து ஜிப்சம். எஞ்சிய சோடியம் கார்பனேட்டில் ஒரு மில்லி சமானத்தைச் சரிக்கட்ட, ஆயிரம் லிட்டருக்கு 86 கிராம் சுத்தமான ஜிப்சம் வேண்டும். சீட்டில் 5 என்று இருந்து, அதை 2.5-க்கு இறக்க வேண்டுமானால், ஏக்கருக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு தடவை பாய்ச்ச 44 கிலோ ஆகிறது. கடையில் கிடைப்பது 75 சதவீதச் சுத்தமானால் ஏறக்குறைய 59 கிலோ. பம்பு செட்டிலிருந்து விழும் தண்ணீரை ஒரு தொட்டியில் விட்டு, தொட்டிக்குள் கம்பி வலைமேல் ஜிப்சக் கட்டிகளை நிரப்பி, தண்ணீர் அடியிலிருந்து ஏறிக் கட்டிகளின் ஊடே வழிந்து வாய்க்காலுக்குப் போகும்படி அமைத்தால், தேவையானது தானே கரைந்து போய்ச் சேரும். தொட்டி கட்ட வசதியில்லாதவர்கள் போகத்துக்குத் தேவையான மொத்த அளவையும் மழைக்கு முன் நிலத்தில் பரப்பி உழலாம். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதும் கூடவே நடக்க வேண்டும். அது களரைத் தாங்கி வளரும் பசுந்தாள். அழுகும்போது உண்டாகும் அமிலம் மண்ணில் படிந்திருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துத் தரும். களர் நிலத்து நெல்லுக்குத் துத்தநாக சல்பேட்டை ஏக்கருக்கு வழக்கமான 10 கிலோவிற்குப் பதில் 15 கிலோ இட வேண்டும்.

தெளிப்பானில் ஊற்றும் தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. பி.எச். எண் கூடிய தண்ணீரில் மாலத்தியான் போன்ற மருந்துகள் கலந்து வைத்த சில மணி நேரத்திலேயே வீரியம் குறையத் தொடங்கும். காலையில் கலக்கி மாலைவரை அடிப்பது மருந்தை வீணாக்குவதாகும். கடின நீரில் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்தால் திரிந்து தெளிப்பானின் மூக்கை அடைக்கும். களைக்கொல்லிகளில் 2,4-டி போன்றவையும் கடின நீரில் கெடும். தெளிப்பதற்கென்று ஒரு பீப்பாயில் மழைநீரோ கண்மாய் நீரோ பிடித்து வைத்துக் கொள்வது அதிகச் செலவில்லாத காரியம்.

பால் மாட்டுக்கு இந்தக் கண்டிப்பு அவ்வளவு தேவையில்லை. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்கள் அடுப்பில் வற்ற வைப்பது இந்தத் தண்ணீரைத்தான். கறவை மாட்டுக்குத் தண்ணீர் குறைந்தால் அன்றைக்கே பால் குறையும். மின் கடத்தும் திறன் 5 வரை உள்ள தண்ணீரை மாடுகள் பொதுவாக ஏற்றுக் கொள்கின்றன. பழக்கமில்லாத மாட்டுக்குச் சில நாள் கழிச்சல் ஏற்படலாம். பயிருக்கு உதவாது என்று ஒதுக்கிய கிணறு தொழுவத்திற்கு உதவக் கூடும்.

மாதிரி எடுக்கும் விதம்

தவறாக எடுத்த மாதிரி தவறான முடிவைத்தான் தரும். ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு வரும் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். திறந்த கிணற்றில் மேலாகத் தேங்கிய தண்ணீரை மொண்டு எடுக்கக் கூடாது. பம்பு செட்டை ஓட்டியே பிடிக்க வேண்டும். சுத்தமான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு ஒரு லிட்டர் பிடித்து, காற்று இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். மருந்துப் பாட்டில், எண்ணெய்ப் பாட்டில் கூடவே கூடாது. பெயர், ஊர், சர்வே எண், கிணற்றின் ஆழம், மண்ணின் வகை, இப்போதுள்ள பயிர், அடுத்து வைக்க எண்ணும் பயிர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, தாமதமின்றி வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். அருப்புக்கோட்டையிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெறலாம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்தால் கட்டண விவரம் தெரியும்.

ஒரே கிணற்றின் தண்ணீர் சித்திரையில் இருப்பது போலத் தையில் இருப்பதில்லை. கோடையில் வற்றி உப்பு செறிந்திருக்கும். கார்த்திகை மழைக்குப் பின் தளர்ந்திருக்கும். ஆகவே ஆண்டுக்கு இரு தடவை, சித்திரையில் ஒன்றும் மார்கழியில் ஒன்றுமாக மாதிரி எடுத்து, இரண்டு சீட்டுகளையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். கிணற்றை ஆழப்படுத்தினாலும், பக்கவாட்டில் துளை போட்டாலும், புதிதாக ஆழ்துளைக் குழாய் இறக்கினாலும் பழைய சீட்டு செல்லாது. புதுத் தண்ணீரை வயலில் விடுவதற்கு முன் மறுபடி ஒரு மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும்.